சிவப்பு முத்திரை வேண்டாம் என்ற கடைகள்

ஜூன் 9, திங்கள்

கத்திரி முடிந்துவிட்டதாகக் காலண்டர் சொல்கிறது. வெயிலுக்குக் காலண்டர் படிக்கத் தெரியாது போல. சிதம்பரத்திலிருந்து கடலூர் வரை பஸ்ஸில் நின்றபடியே. இஸ்திரி போட்ட சட்டை, ஆலப்பாக்கம் வருவதற்குள் துவைத்துப் பிழிந்த சட்டை.

கம்பெனி மீட்டிங். ஓட்டல் ஹால், ஏ.சி. மாவட்டம் முழுக்க எங்கள் சிப்ஸ், மிக்சர், நூடுல்ஸுக்குக் கடை கடையாக ஆர்டர் எடுக்கும் ஆட்கள் எல்லாரும் ஆஜர். டில்லியிலிருந்து கோட்டு போட்ட ஒருவர். மந்திரிகளையும் அதிகாரிகளையும் பார்த்துப் பேசுவதுதான் அவர் வேலையாம். அதற்குச் சம்பளமாம். என் மாமனார் இதை வி.ஏ.ஓ. ஆபீசில் சும்மாவே செய்கிறார்.

விஷயம் இது. உப்பு, சர்க்கரை, எண்ணெய் ஜாஸ்தியான பாக்கெட்டின் முன்பக்கம் சிவப்பு முத்திரை போட வேண்டும் என்று மத்திய அரசு சட்டம் கொண்டுவரப் பார்க்கிறது. அதற்கு முன் ஜனங்களிடம் கருத்து கேட்கிறார்கள். கம்பெனி வேண்டாம் என்றால் டில்லியில் எடுபடாது. சின்னக் கடைக்காரர்கள் சொன்னால் எடுபடும். அவர்கள் கருத்தை நாங்கள் வாங்கித் தர வேண்டும். கோட்டுக்காரர் இந்தியில் சொல்ல, ஏரியா மேனேஜர் பிரசாத் சார் (எங்களுக்கு பி. சார்) தமிழில் சொன்னார். கைதட்டல். நானும்தான், கொஞ்சம் பலமாகவே.

கோட்டுக்காரர் முன்னால் எங்கள் மிக்சர் ஒரு தட்டு. கடைசிவரை தொடவில்லை. வெள்ளரிக்காய் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நிறையக் கருத்து சேர்ப்பவருக்கு சூப்பர்வைசர் போஸ்ட். பி. சார் என் தோளில் கை போட்டார். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

வாங்க: அடுப்பு பர்னர். அபிநயாவுக்கு கிராஃப் நோட்டு. மூட்டுவலித் தைலம்.

ஜூன் 10, செவ்வாய்

இன்றைக்கு ஆர்டர் எடுக்கும் லைன் சிதம்பரம் டவுன். கருத்து வாங்குவது இவ்வளவு சுலபமா? கம்பெனி போனில் கடை பெயரை அமுக்கினால் கடைக்காரர் போனுக்கு ஓ.டி.பி. போகிறது. அவர் படிக்க, நான் தட்ட, முடிந்தது. இலவச பாக்கெட் ஸ்கீமுக்கும் இதே முறைதான், பல வருஷப் பழக்கம். அதனால் யாரும் எதற்கு என்று கேட்கவில்லை.

முதல் கடையில் மட்டும் விளக்கப் பார்த்தேன். அவர் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். “நம்பர சொல்லட்டா, வேணாமா?” என்றார். அப்புறம் நான் யாருக்கும் விளக்கவில்லை. விளக்கினால் குழம்புவார்கள் என்று பி. சாரும் சொல்லியிருக்கிறார். எனக்கு வசதியாகப் போயிற்று.

மத்தியானம் தயிர்சாதம். மோர்மிளகாய் நல்ல காரம்.

ஜூன் 12, வியாழன்

கீரப்பாளையம். பைக் பஞ்சர். உருட்டிக்கொண்டே சுந்தரி அக்கா கடைக்கு. அவர் வீட்டுக்காரருக்குக் கிட்னி போய்விட்டது. சிதம்பரம் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். உப்பு தொடக்கூடாது. மனுஷன் கடையில் உட்கார்ந்திருக்கிறார், தலைக்கு மேலே எங்கள் பாக்கெட் சரம் சரமாக.

“தம்பி, இதுல எதுலதான் உப்பு கம்மி? நான் அந்தாண்ட திரும்புனா ஒண்ணப் பிச்சிடுறாரு. உப்பு ஜாஸ்தின்னு முன்னாடியே பெரிசா போட்டுத் தொலைச்சா உங்க கம்பெனிக்கு என்னா கொறைஞ்சிடும்?”

பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். எறும்புக் கால் மாதிரி எழுத்து, அதுவும் இங்கிலீஷ். பத்தாவதில் இங்கிலீஷ் என்னைத் தேடியது, நான் அகப்படவில்லை. எல்லாம் ஒண்ணுதாங்க்கா என்று சொல்லிவிட்டு ஓ.டி.பி. வாங்கிக்கொண்டேன். ஆமாம், அதே மூச்சில். எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

ஜூன் 14, சனி

மழை மாதிரி இருட்டி, ஏமாற்றிவிட்டது. கருத்து சேர்த்ததில் முதலிடம் என்று கம்பெனி வாட்சப் குரூப்பில் என் போட்டோ, தலையில் கிரீடம் வைத்து. வீட்டில் காட்டினேன். டில்லிக்குப் போகிற கருத்தில் என்னதான் இருக்கிறது என்று அபிநயா போனை வாங்கினாள். பிளஸ் டூ, இங்கிலீஷ் சரளம். சுந்தரி அக்கா பெயரை அமுக்கித் தமிழில் சொன்னாள்:

‘நான் கீரப்பாளையத்தில் கடை வைத்திருக்கும் ஏழைப் பெண். சிவப்பு முத்திரை வந்தால் என் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும். உப்பைப் பற்றி என் கடையில் யாரும் கேட்டதே இல்லை.’

“அந்த அக்கா நல்லா எழுதியிருக்காங்கப்பா. இங்கிலீஷ் மீடியமா?”

அடுத்து தண்டபாணி அண்ணன் கடைக் கருத்தைத் திறந்தாள். முறுக்கு மீசை வைத்த மனுஷர். அவரும் ஏழைப் பெண். அபிநயா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். “உனக்குத் தெரியாதாப்பா?” என்றாள். சாப்பாடு இறங்கவில்லை. எனக்கு! வீட்டில் எல்லாருக்கும் ஆச்சரியம்.

கீழே ஒரு பொத்தான் இருக்கிறது: கருத்தைத் திரும்பப் பெற. திங்கள் சாயங்காலம் வரைதான். அதற்கும் கடைக்காரரின் ஓ.டி.பி. வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

பி. சாருக்குப் போன் போட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். பாசமாகப் பேசினார்.

“அண்ணே, அவங்களுக்கெல்லாம் ஒரு கருத்து இருக்குன்னே இப்பதான் டில்லிக்குத் தெரியுது. நல்லதுதான செஞ்சிருக்கீங்க.”

திரும்பப் பெறலாமா என்று கேட்டேன். தாராளமாகச் செய்யலாம், கையோடு கம்பெனி போனையும் பையையும் ஆபீசில் வைத்துவிட்டுப் போகலாம் என்றார், அதே பாசத்தோடு. வாயெல்லாம் கசப்பு. பல் விளக்கினேன், போகவில்லை. அந்தக் கோட்டுக்காரர்மேல் அருவருப்பு. பலமாகக் கைதட்டியவன்மேல் இன்னும் ஜாஸ்தி.

கோழி அரைக் கிலோ. பர்னர் மறந்துவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

காற்றே இல்லை. லைன் சிதம்பரம், நான் போனது கீரப்பாளையம். போகிற வழியில் கண்ட கடைகளில் முதலில் உண்மையைச் சொல்லிப் பழகலாமா என்று யோசித்தேன். பயம். நேராக சுந்தரி அக்கா.

திரும்பப் பெறும் பொத்தானை அமுக்கிவிட்டுத்தான் பேச்சையே எடுத்தேன், புத்திசாலி. அக்கா போன் கத்தியது. நான் வாய் திறப்பதற்குள் நம்பரைப் படிக்க ஆரம்பித்துவிட்டார். படிக்காதீங்கக்கா, முதலில் எதுக்குன்னு கேளுங்க என்றேன். “நீ கேட்டா எதுக்கா இருந்தா என்னா தம்பி” என்றார்.

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பெயரில் டில்லிக்குப் போன மூன்று வரியையும். வீட்டுக்காரர் குனிந்துகொண்டார். அக்கா சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம். அந்த நம்பருக்கு நேரம் தாண்டிப்போனது. இன்னொன்று வரவழைத்தோம். என் போனைப் பிடுங்கி, அவரே ஒரு விரலால் ஒவ்வொன்றாகத் தட்டினார்.

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டார்:

“அப்ப இதுக்கு முந்தி இத்தன வருசமா குடுத்த நம்பரெல்லாம் எதுக்கு தம்பி?”

யோசித்தேன். இலவச பாக்கெட் ஸ்கீமுக்கு என்றுதான் எனக்கும் சொன்னார்கள்.