மஞ்சள் அரிசியும் நீல அரிசியும்

29 ஆகஸ்ட் 1952
தம்பி மணியத்தின் கல்யாணம். எங்கள் வீடு லயத்து வீட்டு வரிசையில் கடைசி என்பதால் பின்புறம்தான் பந்தல். அளந்து கொடுக்கிற கூப்பன் அரிசியில் அட்சதையா என்று முணுமுணுத்துக்கொண்டே ஆளுக்கு ஒரு பிடி கொடுத்தோம். எல்லாம் முடிந்தபின் கால்பட்டால் பாவமென்று, சிந்திய அரிசியைக் கூட்டி, லயத்தைச் சுற்றிய முள்வேலி ஓரமாய்ப் போட்டேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸரின் மனைவி சிவபாக்கியம் கல்யாணப் பெண்ணைப் பார்க்காமல், பந்தல் வாழையில் ஒரு கம்பளிப்பூச்சியைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு நின்றார். லயத்தில் அவருக்கு 'எறும்பம்மா' என்றே பெயர். இதையெல்லாம் எதற்கு எழுதி வைக்கிறீர்கள் என்று கேட்டேன். "இந்தத் தோட்டத்துப் பூச்சியளைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. ஆராவது முதல்ல தொடங்கத்தானே வேணும்" என்றார். நல்ல யாழ்ப்பாணத்து அம்மா!

2 செப்டம்பர்
எங்க வீட்டுக்காரரைப் போலீஸ் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க. ஐயோ, என்ன எழுத?

வேலிக்கு வெளியே, பட்டுப்போன ரப்பர்க் கட்டையின் பொந்தில் மஞ்சள் அரிசி இருந்ததாம். நேரே எங்கள் வீட்டுப் பின்புறம். தோட்டத்து லாரி ஓட்டுகிற இவர்தான் காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கடத்துகிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். "புழு வைக்காம இருக்க மஞ்சத் தடவியிருக்கான்" என்றார் இன்ஸ்பெக்டர். "கல்யாண அட்சதை சார்" என்று கதறினேன். "அட்சதைக்குக் காலு மொளச்சு வேலிய தாண்டுச்சா?"

இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்களாம். இந்த நாட்டிலேயே, மம்பாவில் பிறந்த மனுஷனுக்கு இந்தியாவில் யார் இருக்கிறார்கள்?

3 செப்டம்பர்
சிவபாக்கியம் வந்தார். ஆறுதல் சொல்லத்தான் வந்தார் என்று நினைத்தேன். எங்கே கூட்டினீர்கள், எந்தப் பக்கம் போட்டீர்கள் என்று கேள்வி மேல் கேள்வி. கடைசியில், "உங்கட அவர் குடுத்திருக்கவும் கூடும்தானே? அதையும் நான் யோசிக்கத்தான் வேணும்" என்றார்.

வெளிய போங்கன்னு கத்திட்டேன். இவளும் ஒரு பொம்பளையா? அவர் கோபப்படவில்லை. குடையை விரித்துக்கொண்டு வேலியோரம் போய் உட்கார்ந்துவிட்டார்.

4 செப்டம்பர்
இன்றும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். பார்க்கவே பற்றிக்கொண்டு வருகிறது.

6 செப்டம்பர்
எறும்புகள்! கூட்டமாய்ச் சேர்ந்து மிச்ச அரிசியைத் தூக்கிக்கொண்டு வேலிக்கடியில் போவதை சிவபாக்கியம் அக்கா பார்த்தாராம். என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினார். நானும் பார்த்தேன். அப்போதே ஸ்டேஷனுக்கு ஓடலாம் என்றேன். "பொறுங்கோ. நாங்கள் கண்டது போதாது. நம்பாதவர் காணவேணும்."

லாரி ஓட்ட ஆளில்லாமல் தோட்டத்துத் துரைக்கும் அவசரம். இன்ஸ்பெக்டரை வரவழைத்துவிட்டார். அக்கா தன் பங்கு அரிசியில் துணிக்குப் போடும் நீலம் கலந்து வைத்திருந்தார். அதை இன்ஸ்பெக்டர் கையாலேயே எங்கள் வேலியோரம் போடச் சொன்னார். குங்குமம் கலந்த அரிசியை லயத்தின் மறுகோடியில் போட்டார்கள்; எறும்பு அவ்வளவு தூரம் வராதாம். பொந்தைத் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டு, கட்டையைச் சுற்றிலும் கோலமாவு தூவச் சொன்னார். மனுஷன் வந்தாலும் எலி வந்தாலும் தடம் விழுமே! காவலுக்கு இரண்டு பேர்.

மாரியம்மா, தாயே, மழை மட்டும் வேண்டாம்.

7 செப்டம்பர்
மழை இல்லை. விடிந்ததும் பொந்தில் நீல அரிசி! ஒரு சிவப்புகூட இல்லை. மாவில் கால்தடம் கிடையாது, ஊசியால் குத்தியதுபோல் எறும்பு போன கோடு மட்டும். கட்டையைப் பிளந்தால் உள்ளே பெரிய புற்று. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

10 செப்டம்பர்
வந்துவிட்டார். இளைத்துப்போய், தாடியோடு. ஆனால் வந்துவிட்டார்.

நேரே அக்கா வீட்டுக்குத்தான் போனோம். என் வயிற்றில் பால் வார்த்தவர். அவர் காலில் விழப்போனேன், விடவில்லை. என் மனதில் முள்ளாய் இருந்ததைக் கேட்டே விட்டேன்: "இவரு செஞ்சிருப்பாருன்னு நெசமாவே நெனச்சீங்களா அக்கா?"

"நினைச்சனான். அப்பிடி நினையாமல் பார்த்திருந்தா, நான் காட்டினதை ஆர் நம்புவினம்?"

அன்றைக்கு நான் கத்தியதை எல்லாம் அவர் மறந்தேபோய்விட்டார். நான் சாகிறவரை மறக்கமாட்டேன், அவர் செய்த உதவியை.

14 செப்டம்பர்
குழாயடியில் ஒரே பேச்சு. அவரைப் போலீஸில் காட்டிக்கொடுத்தது பக்கத்து வீட்டு ராக்கம்மாவாம். "அவதான்லா. வேற யாரு?" என்றாள் பஞ்சாலை. எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கத்தான் ராக்கம்மா வாசலுக்குப் போனேன். போகும்போதே யோசனை — யார் பார்த்தது? பஞ்சாலை பார்த்தாளா? செல்லம்மா சொன்னாள் என்றாள். செல்லம்மாவுக்கு யார் சொன்னது?

கதவைத் திறந்த ராக்கம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் திரும்பி வந்ததிலிருந்தே குழாயடிக்கு வரவில்லையாம், ஏச்சுக்குப் பயந்து. சமைக்கக்கூடத் தண்ணீர் இல்லை. பயப்படுகிறவள் எல்லாம் செய்தவளா? அவள்தான் சொன்னாளா? எனக்குத் தெரியாது.

அவள் குடத்தை வாங்கிக்கொண்டு, எல்லாரும் பார்க்கத் தண்ணீர் பிடித்து வந்து கொடுத்தேன்.