திறக்காத மூடி

இன்று காலை பட்டறைக்குள் நுழைந்ததுமே லேசரில் அறுத்த அக்ரிலிக்கின் வாடை மூக்கில் ஏறியது. தித்திப்பும் எரிச்சலும் கலந்த அந்த வாடை உன் துப்பட்டாவில் எப்போதும் இருக்கும். மேசைமேல் உன் மூடிகள் வந்து கிடந்தன. நீ வரைந்த அதே பூட்டோடு.

ஒரகடத்தின் அந்தச் சின்னக் கம்பெனியில் நாம் இருவரும் வடிவமைத்துக்கொண்டிருந்தது டிபன் டப்பா அளவில் ஒரு சென்ட்ரிஃப்யூஜ். விரல் நுனியில் எடுத்த ரத்தத்தைத் தட்டில் வைத்துச் சுழற்றினால் சிவப்பணுக்கள் ஓரத்துக்கு ஒதுங்கும். தெளிந்த மஞ்சள் நீர் உள்பக்கம் நிற்கும். அந்த நீரைச் சோதனைப் பட்டையில் வைத்து மஞ்சள் காமாலை பார்க்கலாம். சுழற்றுவது என் பொறுப்பு, நிறுத்துவது உன் பொறுப்பு. "ஓட்றது ஈஸிடி, நிக்கறதுதான் பேஜாரு" என்பாய். சட்டென்று நின்றால் பிரிந்ததெல்லாம் மறுபடி கலந்துவிடும். அதனால் உன் தட்டு, தூக்கம் வந்த ஆள் உட்காருவதுபோல மெல்ல மெல்லத்தான் நிற்கும்.

வல்லக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கான மருத்துவ முகாமுக்கு அதை முதன்முதலாக எடுத்துப்போனோம். வரிசை வாசலைத் தாண்டிப் போனது. ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. சூப்பர்வைசர் நர்ஸம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று அவசரப்படுத்தினார். நர்ஸம்மாதான் என்ன செய்வார்? மூடியைத் திறந்து, இன்னும் சுற்றிக்கொண்டிருந்த தட்டை விரலால் பிடித்து நிறுத்தினார். நீர் சிவந்தது. பட்டை பொய் சொன்னது. ஒரு கேன்டீன் பெண்ணுக்குக் காமாலை என்று எழுதி அன்றே வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் தெரிந்துகொண்டு அவள் திரும்பி வந்தபோது, அவள் இடத்தில் வேறொருத்தி இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

நர்ஸ்மேல்தான் தவறு என்றார் நம் மேனேஜர். 'சுழலும்போது திறக்காதீர்' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் போதுமாம்.

"அந்தம்மா இன்னா சார் பண்ணும்? நாம மெஷினுக்கு டிசைன் பண்ணோம், க்யூவுக்குப் பண்ணல" என்றாய் நீ.

அன்றே பூட்டை வரைந்தாய். தட்டு முழுதாக நிற்கும்வரை எவ்வளவு இழுத்தாலும் மூடி திறக்காது. கூடுதல் வேலை என்று அதை ஓரம் கட்டினார்கள்.

பிறகு நீ போனாய். வேலை முடிந்து சேரப்பணஞ்சேரிக்கு ஸ்கூட்டியில் திரும்பும் வழியில், திருப்பத்தில் நிற்காமல் வந்த ஒரு கன்டெய்னர் லாரி. அதற்குமேல் எழுத விருப்பமில்லை. அங்கே வேகத்தடை கேட்டு உன் ஊர்க்காரர்கள் மறியல் செய்தார்கள். கிடைத்தது ஒரு பலகை: 'மெதுவாகச் செல்லவும்'. லாரி தாமதித்தால் எங்கோ ஒரு தொழிற்சாலையில் லைன் நின்றுவிடும். லைன் நிற்கக் கூடாது. ஆள் செத்தால் பலகை, சோதனை தப்பினால் ஸ்டிக்கர். அப்புறம் என்ன நடந்தாலும் அதைப் படிக்காதவன் குற்றம்.

அடுத்த கூட்டத்தில் மேனேஜர் அந்த ஸ்டிக்கரை மறுபடி எடுத்துக் காட்டினார். நான் குரலை உயர்த்தவில்லை.

"அவ செத்த எடத்துலயும் ஒரு போர்டு வெச்சிருக்காங்க சார். எந்த லாரியாச்சும் நின்னு படிக்குதான்னு போய்ப் பாருங்க."

அவர் மனம் மாறினாரா, என் வாயை அடைக்க நினைத்தாரா, தெரியாது. பூட்டோடு கொஞ்சம் மூடிகள் செய்து பார்க்கச் சொன்னார்.

அவைதான் இன்று வந்தன. மதியமே ஒன்றைப் பொருத்தி வல்லக்கோட்டை முகாமுக்கு எடுத்துப்போனேன். அதே மண்டபம், அதே நர்ஸம்மா, அதே ஹாரன். வழக்கம்போல மூடியை இழுத்தார். வரவில்லை. நகத்தால் நெம்பினார்.

"இன்னாம்மா செஞ்சி வெச்சிக்கீறீங்க? தொறக்கவே மாட்டுது. எவ வேல இது?"

சூப்பர்வைசரும் கத்தினார். வரிசை முழுவதும் என்னைப் பார்த்தது. தட்டு தன்பாட்டுக்கு மெல்ல நின்றது. பூட்டு விட்டது. உள்ளே நீர் தெளிவாக இருந்தது. அடுத்த ஆளுக்குச் சோதிக்கும்போதும் நர்ஸம்மா என்னைத் திட்டினார், அதற்கடுத்த ஆளுக்கும் திட்டினார். ஒருமுறைகூடத் தட்டில் விரல் படவில்லை.

எவள் வேலை என்று நான் சொல்லவில்லை. சொன்னால் ஐயோ பாவம் என்று பாதியில் நிறுத்திவிடுவார். உனக்கு வரவேண்டிய திட்டு அது. ஒன்று விடாமல் வாங்கி வைத்திருக்கிறேன்.