கிள்ளிப் போட்ட குட்டிக்கோஸ்

பட்டாபிராம்,
பிப்ரவரி 9

அன்பு மகன் அரவிந்தனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் நலம் என்று அம்மா சொல்லித்தான் வாராவாரம் தெரிந்துகொள்கிறேன். நீ வேலையை விடப்போவதாகச் சொன்ன நாளிலிருந்து, இரண்டு மாதமாக நாம் பேசிக்கொள்ளவில்லை. போனில் பேசினால் எனக்குக் குரல் உயர்ந்துவிடும், அதனால்தான் கடிதம். உன் அக்கா அகல்யா வானகரத்தில் புது ஃபிளாட்டுக்குக் குடிபோய்விட்டாள், லிஃப்ட் இன்னும் ஓடவில்லை, பால் காய்ச்சிய அன்று நான்கு மாடி ஏறியதில் என் முழங்கால் வீங்கியதுதான் மிச்சம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை.

அக்டோபரில் கிளாஸ்கோவிலிருந்து நீ உன் நண்பன் பிரசன்னாவிடம் கொடுத்தனுப்பிய பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ் விதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். குட்டிக்கோஸ் என்று அம்மா பெயர் வைத்திருக்கிறாள். நாற்று விட்டு, மழை ஓய்ந்ததும் மொட்டைமாடியில் ஆறு பைகளில் மாற்றி நட்டேன். வெயிலுக்குப் பச்சை வலை, பூச்சிக்கு வேப்பெண்ணெய், ஒரு குறையும் வைக்கவில்லை. என்னோடு இன்ஸ்பெக்‌ஷனில் வேலை பார்த்த யூசுப் வந்து பார்த்துவிட்டு, "இன்னா அண்ணாத்தே, கோசுன்னு சொன்னே, பப்பாளி கணக்கா நின்னுகினு கீது, காய் எங்கே?" என்று கேலி செய்தான். தக்காளிக்கு நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும், இலை இடுக்கில் தலைகாட்டும் பக்கத் துளிரைத் தினமும் நகத்தால் கிள்ளிவிடுவேன், அப்போதுதான் சத்து வீணாகாமல் தண்டு நேராக வளரும். இதிலும் ஒவ்வோர் இலை இடுக்கிலும் மிளகு அளவில் பச்சையாக ஒன்று முளைத்தது. முப்பத்து நான்கு வருடம் ஃபேக்டரியில் பிசிறு தேடிய கண் ஆயிற்றே, ஒன்றுகூடத் தப்பவில்லை. அது பாட்டுக்கு இருக்கட்டுமே, ஏன் கிள்ளிக்கிட்டே இருக்கீங்க என்று அம்மா கேட்டாள். உனக்கென்ன தெரியும் என்று அடக்கிவிட்டேன்.

மூன்று வாரத்துக்கு முன் அவள் செடியைப் படம் எடுத்து உனக்கு அனுப்பியிருக்கிறாள். நீ பதிலுக்குப் பேசி அனுப்பியதைச் சமையலறையில் சத்தமாகப் போட்டுக் கேட்டாள், நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா கிள்ளிப் போட்டதுதாம்மா காய், ஒவ்வொண்ணும் உருண்டு குட்டிக்கோஸா ஆகும், அவர்கிட்ட சொல்லாதே, பாவம், இவ்வளவு நாள் பாடுபட்டிருக்கார், ஊர் சூட்டுக்குக் காய்க்கலைன்னு சொல்லிடு என்று சொன்னாய். பேப்பரை மடித்து வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். கம்ப்யூட்டர் வேலையை விட்டு மரப்படகு கட்டும் பயிற்சியில் சேரப்போகிறேன் என்று நீ சொன்ன அன்று, எனக்கு மகனே இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தவன் நான். அப்படிப்பட்டவன் மனம் நோகக் கூடாது என்று நீ பார்த்திருக்கிறாய். வெட்கமாக இருந்தது அரவிந்தா. பிளஸ் டூவில் பழைய பாக்கிங் பெட்டிப் பலகையில் நீ ஒரு ஸ்டூல் செய்தாய். பரீட்சை முடியும்வரை என்று சொல்லி உன் உளியையும் ரம்பத்தையும் பீரோவில் பூட்டினேன். பரீட்சை முடிந்தும் நான் கொடுக்கவில்லை, நீயும் கேட்கவில்லை. நீ மறந்துவிட்டாய் என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

கிள்ளிய இடத்தில் மறுபடி வராதாம், விசாரித்துவிட்டேன். அன்றிலிருந்து கிள்ளாமல் விட்ட உச்சியில் மட்டும் சுண்டைக்காய் அளவில் கொஞ்சம் வந்தது, இறுக்கமாக உருளவில்லை. அம்மா தேங்காய் போட்டுப் பொரியல் செய்தாள், ஆளுக்கு ஒரு கரண்டி. லேசான கசப்பு, ஆனாலும் நன்றாகத்தான் இருந்தது. படகு வேலை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை, பிடித்திருப்பதாகப் பொய் எழுத மாட்டேன். பயமாகவும் இருக்கிறது. ஆனால் என் சம்மதத்துக்காக நீ சேரும் தேதியைத் தள்ளிப்போட்டிருக்கிறாய் என்று அம்மா சொன்னாள். இனிமேலும் தள்ளிப்போடாதே, போய்ச் சேர்ந்துவிடு. கிளாஸ்கோ குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, வேலை மும்முரத்தில் சாப்பாட்டைத் தட்டிக்கழிக்காதே.

நீ எடுத்த காரியம் நல்லபடியாக நடக்கட்டும், எங்கள் இருவருடைய ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் அம்மாவுக்குப் போன் செய். நான்தான் எடுப்பேன். அம்மா குரல் இல்லையே என்று வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
ஞானசேகரன்