மிச்சமிருந்த ரெண்டு பிரேம்

மாப்ள,

நீ போன பத்தாம் நாள் உன் பொண்டாட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் என் கம்ப்யூட்டரில் இன்னும் திறந்தே கிடக்கிறது. மூட மனசு வரவில்லை. விக்ரோலியில் யாரோ வீட்டுக் கல்யாணத்தில் எடுத்த கும்பல் படம். கைமாறிக் கைமாறி வந்ததில் எல்லா முகமும் கரைந்துபோயிருக்கிறது. பின்வரிசையில், ஒருத்தர் தோளுக்குப் பின்னால், பாதி முகம் மட்டும் நீ. "அண்ணே, பதினாறுக்குள்ள இதப் பெருசு பண்ணி பிரேம் போட்டுத் தாங்க" என்று கேட்டிருந்தாள் தங்கச்சி.

நம்ம கடையை இப்போது பார்த்தால் நீ சிரிப்பாய். போர்டில்தான் ஸ்டூடியோ. உள்ளே ஜெராக்ஸ், லேமினேஷன், மொபைல் கவர், டீக்கோப்பையில் பிள்ளைகள் மூஞ்சி அச்சடிப்பது. பாஸ்போர்ட் சைஸுக்கு வருகிறவன்கூட, "அங்கிள், மொபைல்ல இருக்கு, பிரிண்ட் மட்டும் குடுங்க" என்கிறான். செத்தவர்கள் படத்துக்குத்தான் இன்னும் நம்மைத் தேடி வருகிறார்கள். சலித்துவிட்டது மாப்ள. காலையில் ஷட்டரைத் தூக்கவே கை வரவில்லை.

பிலிம் ரோல் காலத்தில், நம்ம ஊர்ச் சனங்கள் குடியிருக்கிற லேபர் கேம்ப்பில் ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து நம்ம ரெண்டு பேரை விட்டு நடந்ததில்லை. முடித்துக் கடைக்கு வந்தால் ரோலில் ரெண்டு மூணு பிரேம் மிச்சமிருக்கும். அப்படியே கழுவக் கொடுத்தால் வீண். "நில்லுலே, நில்லு" என்று நீ என்னை எடுப்பாய், நான் உன்னை எடுப்பேன். வேட்டியை மடித்துக் கட்டி ரவுடி மாதிரி முறைத்தாய். வடாபாவை முழுசாக வாயில் அடைத்துக்கொண்டு நின்றாய். மழையில் குடையைத் தலைகீழாகப் பிடித்தாய். ஒன்றையும் பிரிண்ட் போட்டதில்லை. நம்ம மூஞ்சிக்கு எவன் பேப்பரை வீணாக்குவான்? கல்யாணக்காரர்கள் நெகட்டிவோடு நம்முடையதையும் கவரில் போட்டு அலமாரியில் சொருகிவிடுவோம்.

டிஜிட்டல் வந்தது. ஜெராக்ஸ் மெஷின் வைக்க இடம் வேண்டும் என்று அந்த அலமாரியைத்தான் நான் காலி செய்தேன். நீ வாசலில் குறுக்கே நின்றாய்.

"வேண்டாம்லே. ஜனங்க என்னைக்காவது கேட்டு வருவாங்க."

"எவன் வருவான்? எல்லாவனும் பையில கேமராவப் போட்டுக்கிட்டு அலையுதான். பூஞ்சை புடிச்சு நாறுது, பாக்கலியா?"

நாலு கோணி. பிலிமில் இருக்கும் வெள்ளிக்காகப் பழைய சாமான் வாங்குகிற பங்கார்காரன் வந்து அள்ளிக்கொண்டு போனான். அதற்கப்புறம் நீ சண்டை போடவில்லை. ரெண்டு மாசத்தில் பாண்டுப்பில் ஆல்பம் ஒட்டுகிற வேலைக்குப் போய்விட்டாய். தீபாவளிக்கு வருவாய், டீ குடிப்போம், அலமாரிப் பேச்சை மட்டும் எடுக்கமாட்டோம். எடுத்திருக்கலாம்.

உன் பாதி முகத்தோடு மூணு நாள் மல்லுக்கட்டினேன். தெரியாத பாதிக்கு, தெரிந்த பாதியையே திருப்பிப் போட்டு ஒட்டினேன். தோல் வழுவழுவென்று வந்தது. உன் கோணச் சிரிப்பு நேராகிவிட்டது. கழுத்துக்குக் கீழே ஒன்றுமே தெரியாததால் கம்ப்யூட்டரில் தயாராகக் கிடக்கும் கோட்டும் டையும் மாட்டிவிட்டேன். நீ கோட்டுப் போட்டு நான் பார்த்ததே இல்லை. மன்னிச்சுக்கோ.

பதினாறு அன்றைக்கு அதற்குத்தான் மாலை போட்டார்கள். தங்கச்சி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். குறை எதுவும் சொல்லவில்லை. வந்திருந்தவர்களிடம், "கேம்ப்புல உள்ள அத்தன பேரையும் படம் புடிச்சாரு. அவரப் புடிக்கத்தான் ஒரு ஆளு இல்லாமப் போச்சு" என்றாள். எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். அவள் என் பக்கம் திரும்பி, "இல்லியாண்ணே?" என்று கேட்டாள்.

தலையை ஆட்டினேன் மாப்ள. "ஆமாம்மா" என்று வாயாலும் சொன்னேன்.

ஆள் இருந்தான். எத்தனையோ வருஷம், ரோலுக்கு ரோல் உன்னைப் பிடித்தவன் நான்தான். கோணிக்கு வாய் கட்டிக் கொடுத்தவனும் நான்தான். அவளுக்கு அது தெரியாது. சொல்லிவிடுவோம் என்று நாலு தடவை போன் போட்டுவிட்டேன்.

"சொல்லுங்கண்ணே" என்கிறாள்.

"சாப்ட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன்.