கட்டில் இல்லாத வேன்

மார்ச் 9, ஞாயிறு
காலையிலேயே வெயில். ஃபேன் போட்டாலும் அனல்தான். வாசலில் பழைய வேன், அதன் அடியில் என் வீட்டுக்காரர். கால் மட்டும் வெளியே.

இந்த வாரத்தோடு எஃப்.சி. முடிகிறது. வருஷத்துக்கு ஒருமுறை வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, ஓடத் தகுதி உண்டு என்று எழுதி வாங்க வேண்டும். புருஷன்மாருக்கும் இப்படி ஒன்று வைத்திருக்கலாம்.

இன்று இவர் முடித்த வேலை: ஜன்னல் திரைக்குப் புதுக் கம்பி. பம்பருக்கு வெள்ளிப் பெயின்ட். கண்ணாடிக்கு மேலே ஓம். பிரேக்கைத் தொடவில்லை.

மத்தியானம் கவிதா போன். பிரசவம் எந்த நாளும் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். "அம்மா, நீ வந்துடுவ இல்ல?" வந்துவிடுவேன் என்றேன். முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு அரைமணி சேர்ந்தாற்போல் உட்கார முடியாதவள் நான். கவிதா இருக்கும் ராமகுப்பம் வரை படுத்தபடிதான் போகணும். குலுங்கவும் கூடாது. அதற்காகத்தான் வேனில் ஸ்பிரிங் வைத்துக் கட்டில் போட்டார். அவர் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த ஒரே காரியம்.

ஆம்புலன்ஸில் போ என்கிறான் தம்பி சேகர். பிரசவம் பார்க்கப் போகிறவள் ஆம்புலன்ஸில் போய் இறங்கினால், சம்பந்தியம்மா பட்டுப்புழுவுக்கு இலை போடுவதை விட்டுவிட்டு ஊரையே கூட்டிவிடுவாள். முடியாது.

மார்ச் 10, திங்கள்
மெக்கானிக் பாஷா வந்தான். டீ இரண்டு முறை. பிரேக் போட்டால் கிறீச் என்கிறதே என்றேன். "பிரேக்கு நல்லாதான் கீது மேடம். சத்தம் மட்டும்தான் வந்துகினு கீது" என்றான். இந்த வீட்டில் எல்லாம் அப்படித்தான்.

நான் நகராமல் நின்றதால் சக்கரத்தைக் கழற்றினான். பிரேக் கட்டை தேய்ந்து காகிதம் மாதிரி. புதுசு மாற்றும்போதும் முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை.

மருந்து தீர்ந்துவிட்டது. வாங்கச் சொல்லணும்.

மார்ச் 11, செவ்வாய்
இன்றைய கண்டுபிடிப்பு. ஆர்.சி. புக்கில் இருப்பது சீட், வண்டியில் இருப்பது கட்டில். போன எஃப்.சி.க்குப் பிறகு போட்ட கட்டில் என்பது இவருக்கு இன்றுதான் உறைத்தது.

சேகருக்கு ஏர்பேட்டில் ஸ்கூல் வேன் ஓட்டம். அங்கே ஓடாமல் நிற்கும் வேனிலிருந்து சீட்டுகளைக் கழற்றி எடுத்து வந்தான். கட்டிலை எடுத்து, சீட்டை மாட்டி, எஃப்.சி. முடிந்ததும் திரும்ப மாற்றுவதாம். எல்லாரும் செய்வதுதானாம். எஃப்.சி. அன்றைக்கு மட்டும் டயர் இரவல், தீயணைக்கும் சிலிண்டர் இரவல், முதலுதவிப் பெட்டி இரவல். அப்புறம் பஸ் கவிழ்ந்தது என்று பேப்பரில் போட்டால் ஐயோ என்பார்கள். எனக்கு இதில் பேச வாயில்லை. கட்டில் எனக்கு.

மார்ச் 13, வியாழன்
வண்டிக்குக் குளியல், மாலை, கற்பூரம். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். நம்பர் பிளேட் தெரியாத அளவுக்குச் சந்தனம். நான்தான் ஈரத்துணியால் துடைத்தேன்.

இவரும் சேகரும் எஃப்.சி. காட்டிவிட்டு மத்தியானம் திரும்பினார்கள். பாஸ். சேகர் சிரித்தபடி வந்தான். இவர் நேராகப் போய்க் கைகால் கழுவினார்.

சேகர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தரையில் இருந்த போல்ட் ஓட்டைகளைப் பார்த்து, இது என்ன என்று தெலுங்கில் கேட்டாராம் இன்ஸ்பெக்டர். துரு என்று சொல்லியிருக்கலாம். இவர் என் முதுகுத்தண்டு வரலாறு முழுக்கச் சொல்லி, கட்டில் இருந்தது, எடுத்துவிட்டோம் என்றாராம். அந்த ஆள் தலையாட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். இவர் பின்னாலேயே போய், இந்த எஃப்.சி. இருக்கும் வரை கட்டில் போட மாட்டேன், காணிப்பாக்கம் பிள்ளையார் சாட்சி என்று சத்தியம் செய்தாராம். யாரும் கேட்காமல்.

இந்த ஜில்லாவில் திருடன்கூட ஸ்டேஷனில் பொய் சொல்வான், காணிப்பாக்கத்தில் சொல்ல மாட்டான். குளத்தில் முங்கிச் சத்தியம் செய்யச் சொன்னால் பாதி வழக்கு வழியிலேயே முடிந்துவிடும். அந்தச் சாமியைப் போய் இழுத்திருக்கிறார், ஒரு கட்டிலுக்கு.

மார்ச் 14, வெள்ளி
சண்டை. கட்டிலைத் திரும்பப் போட மாட்டாராம். காலமெல்லாம் கணக்கு டீச்சராக இருந்தவளால் புருஷனுக்குப் புரியவைக்க முடியவில்லை. கடைசியில் சொன்னார்: "கொயந்த பொறக்கற நேரம். சாமி பேரச் சொல்லிட்டு வாக்க மாத்தச் சொல்றியா?"

முட்டாள். கோழை. இரண்டையும் முகத்துக்கு நேராகவே சொன்னேன். ராத்திரி சாப்பாடு தனித்தனியாக.

மார்ச் 15, சனி
விடிகாலையில் மாப்பிள்ளை போன். கவிதாவுக்கு வலி எடுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

சேகர் வந்து சீட்டுகளைக் கழற்றினான். கட்டிலைச் சுவரோரத்திலிருந்து இழுத்துவந்து வைத்துவிட்டு, கையில் ஸ்பேனரோடு நின்றான். "அக்கா, நான் ஒன்னும் சத்தியம் பண்ணல. நீயும் பண்ணல. சொல்லு, முடுக்கிடறேன்."

இவர் முதுகைக் காட்டி நின்றார். தடுக்கவில்லை. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாமியாவது பூதமாவது என்று எத்தனை வகுப்பில் பேசியிருப்பேன்.

"வேணாம். மெத்தையக் கீழ போடு" என்றேன்.

பயம். கவிதா முகம் கண் முன்னால் வந்தது. நேற்று அவரைச் சொன்ன இரண்டு வார்த்தையும் எனக்குத்தான்.

இதை எழுதுவது வேன் தரையில் படுத்தபடி. எழுத்து கோணல். ஒவ்வொரு பள்ளமும் முதுகில் ஏறுகிறது. வலிக்கிறதா என்று வண்டி ஓட்டும் இவர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார். ரோட்டைப் பார்த்து ஓட்டுங்கள் என்றேன்.

காணிப்பாக்கத்துக்குத் திரும்பும் இடத்தில் வண்டி மெதுவானது. அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் கை கூப்பிவிட்டேன். படுத்தபடியே. கண்ணாடியில் பார்த்திருப்பாரோ. பார்த்திருந்தால் இனி ஆயுசுக்கும் இதையே சொல்லிச் சொல்லி—

போன் அடிக்கிறது. மாப்பிள்ளை.