சிவப்புக் கட்டம்

அன்புள்ள வாயாடிக்கு,

நலம்தானே? அம்மாவின் முட்டிவலி குறைந்ததா? நீ ஊரை விட்டுப் போய் ஒரு வருடமாகிறது, ஒரு வரி கூட எழுதவில்லை. கோபித்துக்கொள்ள எனக்கு முகமில்லை.

வங்கியில் எல்லாம் பழையபடிதான். போன மாதம் இணையப் பக்கத்தில் ஒரே ஒரு எழுத்துப்பிழையைத் திருத்த பதினோரு பேரிடம் கையெழுத்து வாங்கினேன். பத்தாமவர் விடுப்பில் போய்விட, அந்தப் பிழை மேலும் ஒரு வாரம் சௌக்கியமாக இருந்தது.

வாராந்திர அறிக்கையும் உனக்குத் தெரிந்ததுதான். சோதனைக் குழு ஆபத்து என்று கட்டத்தில் சிவப்பு போடும், குழுத் தலைவர் மஞ்சளாக்குவார், நம் மேலாளர் பச்சையாக்கி மேலே அனுப்புவார். புதிய கணினி அமைப்பு பாதியில் நின்றால் பழையதற்குத் திரும்பும் ஒத்திகை மூன்று முறை தோற்றது, இதைப் பச்சை என்று எழுத மாட்டேன் என்று நீ கூட்டத்தில் சொன்னாய். எல்லாரும் உன்னைக் காரியத்தைக் கெடுக்க வந்தவளாகப் பார்த்தார்கள். அந்த ஒத்திகையை உன்னோடு சேர்ந்து நடத்திய நானோ பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் நீ ராஜினாமா செய்தாய்.

இப்போது உன் இடத்தில் நான். இரண்டு முறை தள்ளிப்போன, புதிய அமைப்புக்கான மாற்றம் அடுத்த மாதம் என்று முடிவானது. திங்கட்கிழமை ஒத்திகை மறுபடியும் தோற்றது. மேலாளர், "மஞ்சள் போடும்மா, மேல நான் பாத்துக்கறேன்" என்றார். நான் சிவப்பே போட்டேன். புதிதாக வந்திருக்கும் பெரிய மேடத்துக்கும் நேராக அனுப்பிவிட்டேன். வேலை போச்சு என்று மேசை இழுப்பறையைக்கூடக் காலி செய்துவிட்டேன், போ!

மேடம் கூப்பிட்டு, இது எப்போதிலிருந்து தெரியும் என்று மட்டும் கேட்டார். ஒரு வருடமாக என்றேன். யார் சொன்னது என்றார். உன் பெயரைச் சொன்னேன். ஒரு வருடம் தாமதமாகத்தான், ஆனால் சொன்னேன். மாற்றத்தை நிறுத்திவைத்தார். மாலையில் மேலாளரே என் மேசைக்கு வந்து, "நான் சொல்லியிருக்கணும்" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

ஒத்திகையை முறையாக நடத்த உன்னைத் திரும்ப அழைத்து மேடம் எழுதப் போகிறார். அந்தக் கடிதத்துக்கு முன்னால் இது உன் கைக்கு வர வேண்டும் என்றுதான் இந்த அவசரம். வருவதும் வராததும் உன் இஷ்டம். வந்தால், கூட்டத்தில் உனக்கு அடுத்த நாற்காலியில் நான் இருப்பேன். பேனா கொண்டுவர மாட்டேன்.

வராவிட்டாலும் பதில் போடு. நாலு வார்த்தை திட்டியாவது எழுது.

இப்படிக்கு,
அன்று வாயில்லாப் பூச்சியாய் இருந்த உன் தோழி