முதல் சுற்றிலேயே பந்து பிடிக்கிறவன்

மாக்கர் பேனையின் மணம் படியேறி வந்ததால்தான் இன்று உனக்கு எழுத உட்கார்ந்தேன். பிக்கரிங் வீட்டின் பேஸ்மென்டில் என் மகனும் அவன் கூட்டாளிகளும் சுவரில் வெள்ளை அட்டை ஒட்டி, கறுப்பு மாக்கரால் அமெரிக்க ஃபுட்போல் வீரர்களின் பெயர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஃபோனிலேயே செய்யலாமாம். ஆனாலும் அட்டையில் எழுதினால்தான் முறை வைத்து ஆள் தெரிகிற டிராஃப்ட் மாதிரி இருக்குமாம். தேத்தண்ணி கொண்டு இறங்கிய நான் முதல் வரிசையைப் பார்த்து, "இதிலை எத்தினை பேர் ரிசீவர், எறியிற பந்தைப் பிடிக்கிறவங்கள்?" என்று கேட்டேன்.

மகன் என்னை வினோதமாகப் பார்த்தான். "செவன், அம்மா. இப்ப எல்லாரும் ரிசீவரைத்தான் ஃபர்ஸ்ட் எடுப்பினம். அதுதான் ஸ்மார்ட்."

எனக்கு வந்த கோபத்தை உனக்குத்தான் சொல்லலாம். ஸ்மார்ட்டாம்! தொண்ணூறுகளில் இதையே நீ செய்தபோது ஒரு மேசை முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நீ கண்ணை மூடி ஆறு மாதமாகிறது. சிரித்தவர்களில் ஒருவனாவது வந்து உன்னிடம் மன்னிப்புக் கேட்டதாக நான் அறியேன். கேட்டிருந்தாலும் நீ வாங்கியிருக்க மாட்டாய்.

ஸ்காபரோவில் கார் உதிரிப்பாகம் வார்க்கும் அந்தத் தொழிற்சாலையில் நீயும் நானும் ஒரே பெல்ட்டில் நின்றோம். சூடாக வந்து விழும் பிளாஸ்டிக் மூடிகளின் விளிம்பைச் சீவிப் பெட்டியில் அடுக்குகிற வேலை. எட்டு மணித்தியாலம் நின்று வேலை, பிறகு மைக்ரோவேவுக்குப் பக்கத்தில் நின்று சாப்பாடு. ஏனென்றால் சாப்பாட்டறையில் யன்னலோரம் இருந்த நீள மேசை முட்டைப்பந்துக்காரரின் மேசை; அந்த ஃபுட்போலுக்கு நாங்கள் வைத்த பெயர் அது. பன்னிரண்டு கதிரை, பன்னிரண்டு ரீம், அதாவது அணி. அமெரிக்க லீக்கில் ஆடுகிறவர்களை முறை வைத்துத் தெரிந்தெடுத்து, ஆளுக்கொரு ரீமைக் கடதாசியில் வைத்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் அந்த வீரர்கள் எடுக்கிற புள்ளி திங்கட்கிழமை மேசையில் கூட்டப்படும். ரீம் இல்லாதவருக்குக் கதிரை இல்லை. பருவ முடிவில் கடைசியாக வந்தவன் அடுத்த டிராஃப்டன்று எழும்பி, வெளியில் நிற்கிற ஒருவனுக்கு இடம் விட வேண்டும். அது லூ வைத்த சட்டம். அச்சு வார்ப்புப் பகுதிக்கு மேற்பார்வையாளனான அவன் அந்த மேசைக்கும் தானே அதிபதி என்று நினைத்திருந்தான்.

ஒரு ஆவணி மாதம் ஒருத்தன் வேலையை விட்டுப் போக, ஒரு கதிரை காலியானது. நீ சாப்பாட்டுப் பெட்டியோடு போய் அதில் இருந்துவிட்டாய். ரீம் உள்ளவர்களுக்குத்தான் இந்த இடம் என்றான் லூ. அப்படியென்றால் ஒரு ரீம் தா என்றாய். நான் பால்கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உன் பக்கத்தில் இருந்தேன். இரண்டு பெண்கள், அதுவும் முக்காடு போட்ட ஒருத்தியும் பொட்டு வைத்த ஒருத்தியும். அவர்களுக்கு அது நல்ல வேடிக்கை, அதனால்தான் விட்டார்கள்.

வோபர்னில் உன் அப்பார்ட்மென்ட் தொலைக்காட்சிக்குக் கேபிள் இல்லை, அன்ரனாதான். அதில் கனடா லீக் ஆட்டங்கள்தான் தெளிவாக வரும். வார இறுதியில் உன் பிள்ளைகளையும் என் பிள்ளைகளையும் சமாளித்துக்கொண்டு இரண்டு பேரும் பார்த்தோம். யார் பந்தோடு ஓடுகிறவன், யார் எறிகிறதைப் பிடிக்கிறவன் என்று மெல்ல மெல்லப் பிடிபட்டது. பத்து யார்ட் தூரம் முன்னேற மூன்று தரம் முயற்சிக்கலாம். ஓடுகிறவன் முட்டி மோதி இரண்டு யார்ட் போவான். பிடிக்கிறவன் ஒரே எறியில் அரை மைதானம் போவான். "எடியே, ஓடுறவன் முழங்கால் போனா முடிஞ்சுது. பிடிக்கிறவன்தான் ரீம். முதல் மூண்டு சுத்தும் பிடிக்கிறவங்களை எடுப்பம்" என்றாய். எனக்கும் சரியாகத்தான் பட்டது.

டிராஃப்டன்று லூ தொடங்கி ஒவ்வொருவனும் ஓட்டக்காரன் பெயரையே சொன்னான். உன் முறை வந்தது. ரிசீவர். இரண்டாம் சுற்று, ரிசீவர். மூன்றாவதிலும் ரிசீவர் என்றபோது சிரிப்பு எழும்பியது. ஒருத்தன் மேசையில் தலையை வைத்துச் சிரித்தான். யாரோ விளக்கம் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. கனடா ஆட்டம் வேறு, அமெரிக்க ஆட்டம் வேறு. அங்கே மைதானம் ஒடுக்கம், முயற்சி நாலு, ஓட்டத்துக்கே மதிப்பு. ஓட்டக்காரர் ஓரிரு சுற்றில் தீர்ந்துவிடுவார்கள். நல்ல ரிசீவர் நாலாம் ஐந்தாம் சுற்றிலும் கிடைப்பான். நாங்கள் பார்த்துப் படித்தது ஒரு ஆட்டம், பரீட்சை எழுதியது இன்னொன்று.

லூவுக்கு இரக்கம் வந்துவிட்டது. உங்களுக்கு விளங்காமல் போய்விட்டது, பரவாயில்லை, மூன்றையும் அழித்துவிடுகிறேன், திரும்பத் தெரிவு செய்யுங்கள் என்றான். நான் சரி என்று தலையாட்டப் போனேன். நீ வேண்டாம் என்றாய்.

"விசரே உனக்கு?" என்று பெல்ட்டுக்குத் திரும்பும்போது கேட்டேன். "கடைசியா வந்தா எழும்ப வேணும்."

"பிழை எண்டா அது என்ர பிழை. அவன் பாவம் பாத்து அழிச்சா, வருசம் முழுக்க அவன் பாவம் பாத்த கதிரையிலைதான் நாங்கள் இருக்க வேணும்."

எனக்கு உன்னோடு ஒரு கிழமை கதையில்லை. வீம்புக்கு மருந்தில்லை என்று என் மனுசனிடம் திட்டினேன். ஆனாலும் திங்கள்தோறும் அந்தப் பால்கூடையில் போய் இருந்தேன்.

புரட்டாதியிலும் ஐப்பசியிலும் உன் மூன்று பேரும் பறந்தார்கள். அதில் நெடுத்தவனுக்கு நீ கொக்கு என்று பெயர் வைத்தாய். லூ கூட அந்தச் சொல்லைச் சொல்லப் பழகிவிட்டான். ஒரு கட்டத்தில் நாங்கள் ஐந்தாவதாக நின்றோம். பிறகு மார்கழி வந்தது. காற்றும் பனியும் அடிக்கிற மைதானத்தில் பந்தை எறியவும் ஏலாது, பிடிக்கவும் ஏலாது. எல்லாரும் ஓடினார்கள். எங்களிடம் ஓட ஆளில்லை. கிழமைக்குக் கிழமை சறுக்கி, கடைசிக் கிழமையில் நாலு புள்ளியால் கடைசியானோம்.

அந்த மாரியில் ஒரு நாள் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் நீ அதைச் சொன்னாய். அதுவரை நானும் கேட்டதில்லை, நீயும் சொன்னதில்லை. தொண்ணூறில் யாழ்ப்பாணத்தில் உங்கள் ஆட்களை, முஸ்லிம் சனம் முழுவதையும், இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னார்கள். சொன்னவர்கள் என் ஆட்கள், துவக்கோடு வந்த எங்கள் இயக்கத்துப் பெடியள். உங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் எங்கள் வீடு. அன்று நாங்கள் படலையைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். சனம் நடந்து போகிற சத்தம் கேட்டது. அதை உனக்குச் சொல்லாமல் இனி உன் பக்கத்தில் நிற்க முடியாது என்று தோன்ற, சொல்லிவிட்டேன்.

ஒரு பஸ்ஸை விட்டோம். பிறகு சொன்னாய்: "நீ வாயைத் திறந்திருந்தா உன்னையும் விட்டிருக்க மாட்டினம். ஆனா நீ திறக்கேல்லை. ரெண்டையும் நான் மறக்க மாட்டன்."

இன்னொன்றும் சொன்னாய். "ஒருக்கா எழும்பு எண்டவை, எழும்பினன். உம்மாவை ஒரு கையிலை, பிள்ளையை ஒரு கையிலை பிடிச்சுக்கொண்டு போனன். இனி ஒருத்தன் சொல்லி நான் எழும்ப மாட்டன்."

அடுத்த ஆவணி. மேசையில் புதுக் கடதாசி விரித்தாகிவிட்டது. லோடிங் பகுதியிலிருந்து ஒருவன் தன் சாப்பாட்டுப் பெட்டியோடு உன் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றான். லூ உன்னைப் பார்த்து, நல்ல விளையாட்டு, அடுத்த முறை பார்ப்போம் என்று மரியாதையாகத்தான் சொன்னான். நான் பாதி எழும்பிவிட்டேன். உன் கை என் சட்டை விளிம்பைப் பிடித்து ஒரு இழுவை இழுத்தது. பொத்தென்று கூடையில் இருந்தேன்.

உன் உடைந்த இங்கிலீசில் நீ லூவைக் கேட்டாய். அமெரிக்க லீக்கில் போன வருடம் கடைசியாக வந்த ரீமை என்ன செய்தார்கள்? கலைத்து விட்டார்களா?

மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தன், போன வருடம் தலையை வைத்துச் சிரித்தவன்தான், மெதுவாகச் சொன்னான். இல்லை, புது வீரர்களைத் தெரியும்போது கடைசி ரீமுக்குத்தான் முதல் தெரிவு.

"அப்ப எழுது" என்று தமிழிலேயே சொன்னாய். லூவின் கையில் மாக்கரைத் திணித்தாய். "கொக்கு."

அவன் எழுதினான். முதல் சுற்றில், முதல் ஆளாக, ஒரு ரிசீவர். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. லோடிங் பகுதிக்காரன் வேறொரு கதிரையை இழுத்துக்கொண்டு வந்தான். பதின்மூன்று கதிரை போட அந்த மேசையில் தாராளமாக இடம் இருந்தது. அந்த வருடம் இரண்டாம் மூன்றாம் சுற்றில் ஓட்டக்காரரை எடுத்து, ஆறாவதாக வந்தோம். பெரிய வெற்றி ஒன்றுமில்லை.

நான் பாதி எழும்பினதை நீ ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை. அதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. திட்டியிருக்கலாம். படலை சாத்தினவள் கதிரையும் விடுவாள் என்று சொல்லியிருக்கலாம். நீ இழுத்து இருத்தினாய், அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு கலியாண வீட்டில், நான் இருந்த மேசையில் ஒரு அங்கிள் உங்கள் ஆட்களை வெளியேற்றினதைப் பற்றித் தொடங்கினார். "அது அந்த நேரம் செய்ய வேண்டி வந்தது, பிள்ளை" என்றார். பத்துப் பேர் சோற்றைப் பிசைந்தபடி குனிந்திருந்தார்கள். நான் வாயைத் திறந்தேன். "ரெண்டு தெரு தள்ளி இருந்தனான், அங்கிள். ஒண்டும் செய்ய வேண்டி வரேல்லை. எங்களுக்கு வாய் திறக்க வேண்டி வந்தது, திறக்கேல்லை" என்றேன். ஒருத்தி என் முழங்கையைத் தொட்டு, வேறு மேசைக்குப் போவோமா என்று மெதுவாகக் கேட்டாள். நான் எழும்பவில்லை. இன்னொரு கரண்டி சோறு வாங்கி, அவர் முன்னாலேயே ஆறுதலாகச் சாப்பிட்டு முடித்தேன்.